அமைதிப்படையில் மாண்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நெய்தல் நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மே 21 நெருங்கினால் இந்தச் சண்டை தவறாமல் தொடங்கிவிடுகிறது. காங்கிரஸ் நண்பர்கள், 1990-இல் இலங்கையிலிருந்து நாடு திரும்பிய இந்திய அமைதிப்படையை வரவேற்க மறுத்தார் என்று கருணாநிதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். தி.மு.க. நண்பர்கள், அனுப்பியவர் ராஜீவ், கணக்கை அங்கே கேளுங்கள் என்கிறார்கள். நடுவில் ஒருவர் எம்.ஜி.ஆர். புலிகளுக்குக் கொடுத்த பணத்தைக் கிளப்புகிறார். இன்னொருவர் ராஜீவுக்கு அடுத்து பிரதமரான வி.பி. சிங்தான் வெற்றியின் விளிம்பிலிருந்து படையைப் பின்வாங்கினார் என்கிறார். இரண்டு நாள் இந்த வசை ஓடும். பிறகு எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் காயமடைந்தார்கள். கார்கிலில் நாம் இழந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். கார்கில் போர் முடிந்த கையோடு, 1999 ஜூலை 29 அன்று, கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அதே ஜூலை 29 அன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பேரில் சென்ற படையின் சாவுகளைப் பற்றி அப்படி ஓர் ஆய்வுக் குழுவை எந்த அரசும் அமைக்கவில்லை. காங்கிரஸ் அரசும் அமைக்கவில்லை, காங்கிரஸை எதிர்த்து வந்த அரசுகளும் அமைக்கவில்லை.

பொறுப்பைக் கட்சியின் பெயரில் எழுதுவதை விட்டுவிட்டு, முடிவுகளின் பெயரில் எழுதுவோம் என்பதே என் கோரிக்கை. படையை அனுப்பியது ஒரு முடிவு. காவல் காக்கப் போன படையை அக்டோபரில் புலிகளோடு சண்டைக்கு இறக்கியது வேறொரு முடிவு. யாழ்ப்பாணம் கைக்கு வந்த பிறகும் இரண்டாண்டுகளுக்கு மேல் காட்டில் வைத்திருந்தது மூன்றாவது. திரும்பி வந்த விதம் நான்காவது. ஒவ்வொன்றிலும் யாரிடம் கேட்டார்கள், யார் எச்சரித்தார்கள், யாருடைய எச்சரிக்கை தள்ளப்பட்டது என்று பார்க்க வேண்டும். இதைப் பேசத் தயாராக இருப்பவர்கள் எழுதுங்கள்.

கதர்ச்சட்டை

நிலவன், கேள்வி நியாயமானது. ஆனால் தொடங்கும் இடத்திலேயே ராஜீவைத் தனியாக நிறுத்திவிடாதீர்கள். படை அத்துமீறிப் போகவில்லை. ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே, பகைமை நிறுத்தத்தை உறுதிசெய்யத் தேவைப்பட்டால் இந்திய அமைதிப்படையை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்று இருக்கிறது. ஜெயவர்த்தனா அழைத்தார், சென்றோம். யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இலங்கைப் படை நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் வானிலிருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது தமிழ்நாட்டில் யார் எதிர்த்தார்கள்? இன்னும் செய்யவில்லையே என்றுதான் எல்லாக் கட்சிகளும் குரல் கொடுத்தன. இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கரையேறியிருந்தார்கள். ஒரு பிரதமர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டிய புலிகள் இயக்கம் பேருக்குச் சிலவற்றைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் புதைத்துவைத்தது. அக்டோபரில் தன் கையில் சிக்கிய இந்திய வீரர்களைக் கொன்றது. அதற்குப் பிறகும் படை சும்மா நின்றிருக்க வேண்டுமா? இலங்கை அரசமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம், மாகாண சபை என்று இன்றைக்கும் ஈழத்தமிழர் கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒப்பந்தம் தந்ததுதான்.

படையை மீட்டவர் வி.பி. சிங் என்பதும் பாதி உண்மைதான். 1989 ஜூலை 29 அன்றே முதல் அணி கிளம்பிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் டிசம்பர் இறுதிக்குள் திரும்புவதாக உடன்பாடும் ஆயிற்று. அப்போது பிரதமர் ராஜீவ். கடைசியில் அவர் உயிரையே விலையாகக் கொடுத்தார். இதற்கு மேலும் அவரிடம் கணக்குக் கேட்பது எனக்கு ஏற்கவில்லை.

ஈரோட்டுப் பாதை

திருப்பெரும்புதூரில் நடந்தது கொடுங்கொலை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கொலையுண்டவர் எடுத்த முடிவுகளை ஆராயக்கூடாது என்றால் வரலாறு என்று ஒன்றை எழுதவே முடியாது, கதர்ச்சட்டை. அன்று அவரோடு இறந்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களும் உண்டு. அவர்கள் பெயரை இந்தச் சண்டையில் யாரும் சொல்வதில்லை.

1990-க்கு வருகிறேன். தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கச் செல்ல மாட்டேன் என்று கலைஞர் சட்டமன்றத்திலேயே தன் நிலையைச் சொன்னார். அதற்காக அவரைத் தேசவிரோதி என்றார்கள். 1991 ஜனவரி 30 அன்று ஆட்சியையே கலைத்தார்கள். ஒரு முதல்வர் துறைமுகத்துக்குப் போகாததால் ஒரு வீரராவது இறந்தாரா? இறப்புகள் எல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்தவை. சாவுக்குக் காரணமான முடிவை விட்டுவிட்டு, வரவேற்புக்கு வராததைப் பெரிய குற்றமாக்கியது அரசியல் கெட்டிக்காரத்தனம்.

ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997-இல் வெளிவந்தவுடன், தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்று காங்கிரஸ் கேட்டது. குஜ்ரால் மறுத்தார், ஆட்சி கவிழ்ந்தது. ஒரு தலைவரின் கொலைக்காக ஒரு நாட்டின் அரசே விழுந்தது. அந்தத் தலைவர் அனுப்பிய படையில் மாண்ட ஆயிரத்துச் சொச்சம் பேருக்காக ஓர் இளநிலை அமைச்சர்கூடப் பதவி விலகியதில்லை.

நெய்தல் நிலவன்

ஈரோட்டுப் பாதை சொல்லும் கடைசி வரியோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்த வரியைத் தி.மு.க. பக்கமும் திருப்ப வேண்டும். 1989 டிசம்பரில் வந்த வி.பி. சிங்கின் தேசிய முன்னணி அரசில் தி.மு.க. பங்கேற்றது. 1996-இல் தேவகௌடா, பிறகு குஜ்ரால், 1999-இல் வாஜ்பாய், 2004-இல் மன்மோகன் சிங் எனப் பல அரசுகளில் இருந்தது. ஒரு முறையாவது, படை அனுப்பிய முடிவை விசாரிக்க ஆணையம் வை என்று அமைச்சரவையில் கேட்டதாக அக்கட்சி சொன்னதுண்டா? எதிர்க்கட்சியாக இருந்தபோது கையில் எடுத்த ஆயுதத்தை ஆளுங்கட்சியாக ஆனதும் உறையில் போட்டுவிட்டது. அ.தி.மு.க.வுக்கும் இதே கேள்வி உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் சென்னைக் கடற்கரையில் நடந்த கூட்டத்தில் ராஜீவோடு மேடையேறி ஆதரவு தெரிவித்தவர் எம்.ஜி.ஆர்.

கதர்ச்சட்டைக்கு: அழைப்பின் பேரில் சென்றோம் என்பது சட்டப்படி சரி. அழைத்தவருக்கும் போனவருக்கும் நடுவே ஒப்பந்தம் இருந்தது. ஆனால் ஆயுதம் வைத்திருந்த இயக்கம் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடவே இல்லை. பிரபாகரனை டெல்லி ஓட்டலில் வைத்துப் பேசிச் சம்மதிக்கவைத்ததாக நம்பிக்கொண்டு படையை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் சுதுமலைக் கூட்டத்தில் பிரபாகரன் பேசியதைக் கேட்டவர்கள் எவருக்கும் அந்த நம்பிக்கை மிஞ்சியிருக்காது. அது ஆகஸ்ட் 4. சண்டை தொடங்கியது அக்டோபரில். நடுவில் இரண்டு மாதங்கள் இருந்தன.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

நீண்ட நாளாக வாசிப்பவன், இன்றுதான் எழுதுகிறேன். நான் அங்கே இருந்தவன். எந்தக் கட்சியிலும் இல்லை.

வரவேற்பு இல்லை என்பதற்காக எங்கள் ஆட்கள் அழுததாக மேடைகளில் பேசுகிறார்கள். மாலையை எதிர்பார்த்து யாரும் கப்பலிலிருந்து இறங்கவில்லை. எதற்காகப் போனோம், யாரோடு சண்டை போட்டோம் என்று ஊரில் கேட்டால் சொல்லத் தெரியாமல் இறங்கினோம். அதுதான் உறுத்தியது. போகும்போது, இரண்டு பக்கத்தையும் பிரித்துவைக்கப் போகிறோம், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதலில் வடக்கில் இறங்கிய 54-ஆவது டிவிஷன் போருக்கான ஏற்பாட்டோடு போகவில்லை. எங்கள் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. எதிரில் இருந்த பையன்கள் கையில் ஏ.கே. 47. இடுங்கிய ஒழுங்கைகளில் எந்த ஆயுதம் உதவும் என்பது அங்கே நின்றவனுக்குத் தெரியும். சாலையில் நடக்கப் பயந்து வயலில் நடந்தோம், ஏனென்றால் மதகுக்கு மதகு கண்ணிவெடி.

நான் தமிழ் பேசுபவன் என்பதால் சோதனைகளில் என்னை முன்னால் விடுவார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீயும் எங்கட பிள்ளைதானே, பிறகேன் ராசா?" என்று கேட்டார். நான் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வேறு பதில் இல்லை.

இறந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இப்போது போலக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வரும் வழக்கம் அப்போது இல்லை. பெரும்பாலோரை அங்கேயே எரித்தார்கள். வீட்டுக்கு முதலில் தந்தி போகும். பிறகு சாம்பலும், அவருடைய கறுப்பு ட்ரங்குப் பெட்டியும். பெட்டியின் மூடியில் எண், பதவி, பெயர் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். எங்கள் கம்பெனியில் இறந்த ஒருவரின் பெட்டியை அடுக்கியது நான்தான். உள்ளே இரண்டு செட் சீருடை, ஷேவிங் செட், கட்டு நூலால் கட்டிய கடிதங்கள், மகளுக்கு வாங்கிவைத்த ஒரு ஜோடி செருப்பு. செருப்பு அரசுப் பொருள்களின் பட்டியலிலும் இல்லை, சொந்தப் பொருள்களின் பட்டியலிலும் எழுதவில்லை. கிளார்க் எழுதச் சொன்னார், நான் எழுதினேன்.

அந்தக் குழந்தைக்கு எந்தக் கட்சியாவது வந்து, உன் அப்பாவை அனுப்பிய முடிவு இந்தக் காரணத்துக்காக, இன்னாரால் எடுக்கப்பட்டது என்று சொன்னதா? நிலவன் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன்.

வடமராட்சியான்

ஹவில்தார் ஐயாவின் பதிவை வாசித்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தேன். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் இந்த இழையில் எங்கள் பக்கத்துச் சாவுகளும் பேசப்பட வேண்டும்.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய இராணுவம் புகுந்தது. வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள் என்று கொல்லப்பட்டவர்களின் படங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வீரர்களின் சாவுக்கு டெல்லியில் பொறுப்பாளர் இருந்தால், இந்தச் சாவுகளுக்கும் அதே கதிரையில் இருப்பவர்தான் பொறுப்பாளர். ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் இவை. ஒன்றை மட்டும் விசாரிக்க ஒருபோதும் முடியாது. விசாரித்தால் மற்றதும் வெளியில் வரும் என்பதால்தான் எந்தக் கட்சியும் விசாரணை கேட்பதில்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் மறைக்க மாட்டேன். 1987 அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் பலாலி முகாமில் சயனைட் அருந்தி இறந்தார்கள். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக இலங்கை அரசு பிடிவாதம் பிடித்தது. காவலுக்கு நின்ற இந்திய இராணுவம் தடுக்கவில்லை. அதற்குப் பழியாகப் புலிகள் சிங்களப் பொதுமக்களையும் கொன்றார்கள். 1989-இல் பிரேமதாச அரசு, இந்தியப் படை இன்னும் நாட்டுக்குள் நிற்கும்போதே, புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. அழைத்தது அதே நாட்டு அரசு. அடுத்த ஜனாதிபதி எதிராளிக்குத் தோட்டா கொடுத்தார். இதைக் கொழும்பிடம் கேட்ட இந்தியக் கட்சி எது? இறந்த வீரர்களுக்கு நினைவுச்சின்னம் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை நகரில் இருக்கிறது. இந்தியப் பிரதமர் 2025 ஏப்ரலில்கூட அங்கே மலர்வளையம் வைத்தார். மலர்வளையத்தோடு கேள்வியும் போயிருக்கலாம்.

நிலவனின் நான்காவது முடிவு, திரும்பிய விதம். இந்தியாவின் ஆதரவோடு, புலிகளுக்கு எதிரான தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைத் திரட்டியது. வீதியில் போன பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து, தலையை மழித்து, துவக்கைக் கையில் கொடுத்தார்கள். இந்தியப் படை போனதும் அந்தப் பிள்ளைகளைக் காக்க ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் மகனைத் தேடித் தாய்மார் முகாம் வாசலில் நின்றதை நான் சிறுவனாகக் கண்டேன். இந்தப் பிள்ளைகள் இந்தியாவின் கணக்கிலும் இல்லை, இலங்கையின் கணக்கிலும் இல்லை, புலிகளின் மாவீரர் பட்டியலிலும் இல்லை.

கதர்ச்சட்டை

வடமராட்சியான் எழுதியதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தலைவணங்குகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாப் பழியையும் அரசியல்வாதி மீது போட்டால் இராணுவத் தலைமையின் பங்கு என்ன? சில வாரங்களில் முடித்துவிடலாம் என்ற கணிப்பு தலைமைத் தளபதி சுந்தர்ஜி காலத்து இராணுவத் தலைமையிடமிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கும் திட்டத்தைப் பிரதமரா வரைந்தார்?

நெய்தல் நிலவன்

பிரதமர் வரையவில்லை. ஆனால் இந்தக் கேள்வியே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. அக்டோபர் 11 இரவு தொடங்கிய அந்தத் தாக்குதலில் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் இறங்கினார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். வருவது புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. இது களத்தின் தவறா, உளவின் தவறா, காலக்கெடு வைத்து விரட்டிய டெல்லியின் தவறா?

54-ஆவது டிவிஷனின் தளபதியாக இருந்த ஹர்கிரத் சிங் பின்னாளில் ஒரு நூல் எழுதினார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யவோ சுடவோ வேண்டும் என்று கொழும்பில் இருந்த இந்தியத் தூதர் தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக் கொடியின் கீழ் வருபவரைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் அதில் இருக்கிறது. ஒரு தளபதி இப்படிப் பகிரங்கமாக எழுதுகிறார். ஒரு தூதர் படைத்தளபதிக்கு ஆணையிட முடியுமா, கட்டளைச் சங்கிலி டெல்லியில் எங்கே தொடங்கியது என்று அதிகாரபூர்வமாகக் கேட்க ஆள் இல்லை. ஓய்வுபெற்றவர்களின் நூல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நாம் வரலாறு படித்துக்கொண்டிருக்கிறோம். 1983 முதல் இதே இளைஞர்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சி கொடுத்தது இந்திய உளவு நிறுவனம். தான் பயிற்றுவித்தவர்களின் வலிமையைப் பற்றி அது படைக்கு என்ன சொல்லி அனுப்பியது என்பதும் ஏட்டில்தான் இருக்க வேண்டும்.

மன்ற வாசகி

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயன்தரும். 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் அமெரிக்கப் படையினர் 241 பேர் ஒரே குண்டுவெடிப்பில் இறந்தார்கள். இரண்டே மாதத்தில் லாங் ஆணையம் அறிக்கை கொடுத்தது. பழி என்று ஒன்று இருந்தால் அது அதிபரான என்னையே சேரும் என்று ரீகன் அறிவித்தார். நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல்லே களத் தளபதிகள் மீதான நடவடிக்கையையும் மூடிவிட்டது. ஆக, பொறுப்பேற்கிறேன் என்று மேலிடம் சொல்வது சில நேரம் எல்லோரையும் காப்பாற்றும் வழியாகிவிடுகிறது.

2012-இல் லிபியாவின் பெங்காசியில் தூதர் உட்பட நான்கு பேர் கொல்லப்பட்டதற்கு, எதிர்க்கட்சிப் பெரும்பான்மை கொண்ட அவை ஆண்டுக்கணக்கில் விசாரணை நடத்தியது. கட்சிக்காரர்கள் கையில் விசாரணை சிக்கினால் அது தேர்தல் மேடையாகும் என்பதற்கு அது சான்று. பிரிட்டன் வேறு வழியில் சென்றது. ஈராக் போரைப் பற்றி 2009-இல் தொடங்கிய சில்காட் விசாரணை 2016-இல் அறிக்கை தந்தது. ஏழாண்டு தாமதம் பெரிய குறைதான். ஆனால் அமைச்சரவைக் குறிப்புகளும், பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய கடிதங்களும் வெளியில் வந்தன. 179 பிரிட்டிஷ் வீரர்களின் குடும்பங்களுக்குக் கையில் பிடித்துக் கேள்வி கேட்க ஓர் ஆவணம் கிடைத்தது.

முன்கூட்டியே கடிவாளம் போட்டவர்களும் உண்டு. ஜெர்மனியில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். பிரான்சில் 2008 திருத்தத்துக்குப் பின், நான்கு மாதத்துக்கு மேல் படை வெளியில் தங்கினால் நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும். நம் அரசமைப்பில் அப்படி ஏதும் இல்லை. ஆனால் ஒன்றியப் பட்டியலின் 15-ஆவது பதிவு "போரும் அமைதியும்". நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே சட்டம் இயற்றலாம். அமைதிப்படைக்கு அந்த நான்கு மாத விதி இருந்திருந்தால், 1987 டிசம்பரில் ஒவ்வோர் உறுப்பினரும் எழுந்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருப்பார். இன்று நடக்கும் சண்டைக்கே இடம் இருந்திருக்காது, யார் எந்தப் பக்கம் என்பது அவைக் குறிப்பில் இருந்திருக்கும்.

ஈரோட்டுப் பாதை

வாசகியின் கடைசிப் பத்தியை எங்கள் கட்சி நண்பர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தச் சட்டத்தை நாங்கள் ஆதரிக்க வேண்டும், 1989 முதல் அமைச்சரவைகளில் இருந்தவர்கள் என்ற கேள்வி எங்களை நோக்கி வந்தாலும் ஆதரிக்க வேண்டும்.

நெய்தல் நிலவன்

நன்றி. பேச்சோடு நிற்காமல் ஒன்று செய்வோம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு, இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது என்கிறது. நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு சார்ந்த விலக்கும் அமைச்சரவை ஏடுகளுக்கான விலக்கும் நீடிக்கும். ஆனால் அமைச்சரவை முடிவெடுத்து விஷயம் முடிந்த பிறகு, அந்த முடிவும் அதற்கான காரணங்களும் வெளியிடப்பட வேண்டும் என்று அதே 8(1)(i) சொல்கிறது. தவிர, போர் வரலாறுகளைத் தொகுப்பது பற்றிப் பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் வகுத்த கொள்கையின்படி, ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டில் வெளியிடலாம். அமைதிப்படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நடத்திய ஆபரேஷன் பவனுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

நான்கு முடிவுகளுக்கும் தனித்தனி மனுவாக அனுப்பலாம். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டை வாசகி பார்த்துக்கொள்வதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார்.

கதர்ச்சட்டை

நானும் ஒரு மனுவில் கையெழுத்திடுகிறேன். ஆனால் 1990 வரவேற்புப் புறக்கணிப்பையும் சேருங்கள். அதை விட்டால் இது ஒருதலைப்பட்சம்.

நெய்தல் நிலவன்

சேர்க்க மாட்டேன். அதில் மறைக்கப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை. அவர் பேசியது சட்டமன்றக் குறிப்பில் இருக்கிறது, விரும்பியவர்கள் எடுத்து வாசிக்கலாம், கண்டிக்கலாம். வீரர்களை அனுப்பிய, சாகவைத்த முடிவுகளின் ஏடுகள்தான் பூட்டிக் கிடக்கின்றன.

கதர்ச்சட்டை

இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. அக்டோபர் மாதத்து முடிவு பற்றிய மனுவை என் பெயரில் அனுப்புங்கள். அதில் உளவு நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டையும் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

அதே மனுவில் இன்னொன்று. பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கும் உத்தரவு எந்த மட்டத்தில், எந்தத் தேதியில் கையெழுத்தானது, அதன் பிறகு இராணுவத்துக்குள் விசாரணை நடந்ததா, நடந்திருந்தால் அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். விண்ணப்பதாரர் முன்னாள் படைவீரர் என்று இருந்தால் பலன் இருக்குமானால் என் பெயரைப் போடலாம். ரெஜிமெண்ட் எண்ணைத் தனிமடலில் அனுப்புகிறேன்.